கிரிப் பொருந்துகிறதா என்று கையைக் கேட்காதீர்கள், சைட்டைக் கேளுங்கள்

ஏர் பிஸ்டல் வாங்க நினைப்பவர்கள் முதலில் விசாரிப்பது கம்பெனியையும் மாடலையும்தான். ஸ்டெயரா, மொரினியா, வால்தரா, பர்தினியா என்று மாதக்கணக்கில் யோசிப்பார்கள். ட்ரிகர் எப்படி, சிலிண்டர் எத்தனை ஷாட் தாங்கும் என்றெல்லாம் கேட்பார்கள். மரத்தில் செய்த அந்தக் கைப்பிடியைப் பற்றி மட்டும் அநேகமாக யாரும் கேட்பதில்லை. ஆனால் பிஸ்டலில் நம் உடம்பு தொடுகிற இடம் அது ஒன்றுதான். ட்ரிகரில் படும் ஒரு விரல் நுனியைத் தவிர மற்ற எல்லாமே கிரிப் வழியாகத்தான் நடக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இதன் அருமை புரியும். பத்து மீட்டர் ஏர் பிஸ்டல் இலக்கில் பத்து புள்ளி வளையத்தின் விட்டம் 11.5 மி.மீ. குறி பார்க்க உதவும் முன் சைட்டுக்கும் (குழல் முனையில் நிற்கும் சிறு துண்டு) பின் சைட்டுக்கும் (பின்னால் பள்ளம் வெட்டிய தகடு) நடுவே சுமார் 32 செ.மீ. இருக்கிற பிஸ்டலில், பின் சைட்டின் பள்ளத்துக்குள் முன் சைட் ஒரே ஒரு மில்லிமீட்டர் தள்ளி நின்றால், இலக்கில் 3 செ.மீ.க்கு மேல் விலகிவிடும். நல்லபடியாகக் குறி பார்த்து, ட்ரிகரையும் பதமாக அழுத்தியும் குண்டு ஏழில் போய் விழும். அந்த ஒரு மில்லிமீட்டர் பெரும்பாலும் மணிக்கட்டின் திருகலிலிருந்து வருகிறது. மணிக்கட்டைத் திருக வைப்பது பொருந்தாத கிரிப்.

எனக்குச் சின்னக் கை. கடைகளில் வளையல் வாங்கும்போது குழந்தைகள் வரிசைக்குப் பக்கத்தில் நிற்கிற அளவு. கிண்டியில் ஆபீஸ், மடிப்பாக்கத்தில் வீடு, வாரக் கடைசியில் துப்பாக்கி சுடும் ரேஞ்ச் என்று ஓடுகிற ஆள் நான். புதிய பிஸ்டலுக்குக் கட்டுப்படியாகாது என்பதால் ஒரு மூத்த ஷூட்டரிடமிருந்து பழையதை வாங்கினேன். பிஸ்டல் அருமையான நிலையில் இருந்தது. கிரிப் மீடியம் சைஸ். போதாததற்கு அவருடைய பெரிய உள்ளங்கைக்கு ஏற்ப வலப்பக்கப் பின்புறத்தில் பட்டி (பிசைந்து அப்பினால் இறுகிக் கெட்டியாகிற பசை) வைத்து மேடாக்கியிருந்தார். அவர் கைக்கு அது கச்சிதம். என் கைக்கு அது இன்னொருவருடைய கை.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கை ரொம்ப விட்டுக்கொடுக்கும். எந்த வடிவத்தைக் கொடுத்தாலும் கொஞ்ச நேரத்தில் பழகிக்கொண்டு "சரி, நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிடும். அதனால்தான் சௌகரியமாக இருக்கிறதா என்று கையைக் கேட்பதில் பிரயோஜனமில்லை என்கிறேன். கேட்க வேண்டியது சைட்டை. அது பொய் சொல்லாது.

கேட்கும் முறை எளிது. சிலிண்டரில் காற்றை இறக்கிவிட்டு, உள்ளே பெல்லட் (சின்னக் குண்டு) இல்லை என்று கண்ணால் பார்த்து உறுதி செய்துகொண்டு, வழக்கமாகச் சுடும் நிலையில் பக்கவாட்டில் நில்லுங்கள். எதிரே வெற்றுச் சுவர் இருக்கட்டும். வீட்டில் செய்வதானால் சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் யாரும் வந்துபோகாத இடமாகப் பாருங்கள். பிஸ்டலைப் பிடித்து, கண்ணை மூடி, கையைத் தூக்கி, மூச்சை விட்டு, கை தானாக அடங்கும் இடத்தில் நிறுத்துங்கள். இப்போது கண்ணைத் திறந்து எதையும் சரிசெய்யாமல் அப்படியே பாருங்கள்.

பார்க்க வேண்டியவை இரண்டு. பிஸ்டல் மொத்தமும் இலக்கை விட்டு இடமோ வலமோ தள்ளி நிற்கிறதா? அப்படியானால் சிக்கல் கிரிப்பில் இல்லை, நின்ற நிலையில் இருக்கிறது. பின்னங்காலைக் கொஞ்சம் நகர்த்தினால் தீர்ந்துவிடும். பிஸ்டல் இலக்கை நோக்கி இருக்கிறது, ஆனால் பின் சைட்டின் பள்ளத்துக்குள் முன் சைட் ஓர் ஓரத்தில் ஒட்டிக்கொண்டோ, மேலே எழும்பியோ, கீழே முங்கியோ நிற்கிறதா? அதுதான் கிரிப்பின் வேலை. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, காலை நகர்த்தித் தீர்க்க வேண்டியதற்கு மரத்தை அறுக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வெட்டிய மரம் திரும்பி வராது.

என் விஷயத்தில் முன் சைட் ஒவ்வொரு முறையும் வலப்பக்கம் ஒதுங்கி நின்றது. காரணத்தை யோசித்துப் பார்த்தால் சிக்கலே இல்லை. கிரிப் தடிமனாக இருந்ததால் ட்ரிகருக்கு விரல் எட்டவில்லை. எட்ட வைப்பதற்காகக் கை தானாகவே கிரிப்பைச் சுற்றி வலப்பக்கமாக நகர்ந்துவிடுகிறது. பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையில் இருக்கிற வளைவு பிஸ்டலின் நேர் பின்னால் உட்கார வேண்டியது, ஓரமாக உட்கார்கிறது. முன்கை ஒரு கோட்டில், பிஸ்டல் வேறு கோட்டில். சைட்டை நேராக்க ஒவ்வொரு ஷாட்டுக்கும் மணிக்கட்டை இடப்பக்கம் வளைக்க வேண்டியிருந்தது. போட்டியில் 75 நிமிடத்தில் 60 ஷாட். நடுவில் வேண்டாமென்று இறக்கி வைக்கிறவற்றையும், ஆரம்பத்தில் கணக்கில் சேராமல் சுடுகிற சைட்டர்களையும் சேர்த்தால் கை அதைவிட எத்தனையோ முறை தூக்குகிறது. ஒவ்வொரு முறையும் ஒரே அளவு வளைப்பது யாராலும் முடியாது. கடைசி இருபது ஷாட்டில் குண்டுகள் இடமும் வலமும் சிதறுவதற்கு அதுவே போதும். பெருவிரல் அடியில் ராத்திரி வரைக்கும் நிற்கிற வலி தனி.

சரி, அரத்தை எடுக்கலாமா? இன்னும் இல்லை. பிஸ்டலிலேயே திருகி மாற்றக்கூடிய விஷயங்கள் நிறைய இருக்கின்றன. ட்ரிகர் பிளேடை முன்னும் பின்னும் நகர்த்தலாம், சில மாடல்களில் பக்கவாட்டிலும் திருப்பலாம். விரல் எட்டவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். பல நவீன பிஸ்டல்களில் கிரிப்பின் சாய்வையும் ஆலன் கீயால் (அறுகோணச் சாவி) மாற்றலாம். முன் சைட் மேலோ கீழோ நின்றால் அநேகமாக அந்த ஒரு திருகிலேயே சரியாகிவிடும். உள்ளங்கைக்கு அடியில் வருகிற பலகை, பாம் ஷெல்ஃப், அதுவும் மேலே கீழே நகரும். எதைத் தொடுவதற்கு முன்பும் பழைய இடத்தைப் பென்சிலால் கோடு போட்டு, போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றைச் சேர்த்து மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று கடைசி வரைக்கும் தெரியாது.

நான் ட்ரிகரைப் பின்னால் கொண்டுவந்தேன். விரலின் முதல் கணுவின் நடுப்பகுதி பிளேடில் பட்டது. முன்பு வெறும் நுனிதான் பட்டுக்கொண்டிருந்தது. நுனியால் அழுத்தினால் விசை நேராகப் பின்னால் போகாமல், வலக்கைக்காரர்களுக்குப் பிஸ்டலை இடப்பக்கம் தள்ளும். அந்தச் சிக்கல் தீர்ந்தது. ஆனால் முன் சைட் இன்னும் வலப்பக்கமே. ஆக, மரத்தில்தான் கை வைக்க வேண்டும்.

பிஸ்டலிலிருந்து கிரிப்பைக் கழற்றுவது பெரிய வேலையில்லை, பெரும்பாலான மாடல்களில் ஒரு திருகுதான். மரத்தை மட்டும் ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு, எங்கள் தெருவுக்குப் பின்னால் கதவும் கட்டிலும் செய்கிற கார்பென்டர் அண்ணனிடம் போனேன். பிஸ்டலை எடுத்துப் போகவில்லை, போகவும் கூடாது. பட்டறையில் நாலு பேர் வந்துபோவார்கள். கழற்றிய மரத்துண்டு யாரையும் மிரட்டாது.

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வால்நட்டா மேடம்? நல்ல மரம். எதுக்கு இது?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். "புடிச்சு நின்னு காட்டுங்க. எப்படி நிப்பீங்களோ அப்படியே." கையை நீட்டி நின்றேன். அவர் கிரிப்பைப் பார்க்கவில்லை, என் விரல் முட்டிகளைப் பார்த்தார். "நீங்க புடிக்கல மேடம், நசுக்குறீங்க. முட்டியெல்லாம் வெளுத்துப் போச்சு பாருங்க. கையில படுற எடம் கம்மி. அதான் வழுக்கிடுமோன்னு பயந்து நசுக்குறீங்க."

பிறகு அவர் செய்ததுதான் இந்த விஷயத்தில் நான் கற்ற மிக நல்ல பாடம். மரத்தில் நூல் அடிக்க வைத்திருந்த நீலப்பொடியை என் உள்ளங்கையிலும் விரல்களிலும் மெல்லியதாகப் பூசச் சொன்னார். மறுபடி பிடித்து, கையைத் தூக்கி, கொஞ்ச நேரம் நின்று, நகர்த்தாமல் விரல்களைத் திறக்க வேண்டும். கிரிப்பில் நீலம் இரண்டே இடத்தில் அழுத்தமாக ஒட்டியிருந்தது. ஒன்று, வலப்பக்கப் பின்புறத்தில் அந்தப் பழைய பட்டி மேடு. இன்னொன்று, மோதிர விரல் நுனி படுகிற இடத்தில் ஒரு புடைப்பு. நடு உள்ளங்கைக் குழிக்கு நேரே மரம் சுத்தமாக இருந்தது, பொடியே படவில்லை. கதவு நிலையில் எங்கே இடிக்கிறது என்று பார்க்க அவர்கள் காலம் காலமாகச் செய்கிற முறை இது. கண்ணுக்குத் தெரியாத மேட்டை நிறம் காட்டிக்கொடுத்துவிடுகிறது. வீட்டில் செய்வதானால் வண்ணச் சாக்பீஸைப் பொடித்துக்கொண்டாலும் போதும்.

அவர் அரைவட்ட அரத்தால் பழைய பட்டியை இழைத்தார். ஆனால் முழுதாக எடுக்க நான் விடவில்லை. பாதியில் நிறுத்தி வாங்கிக்கொண்டேன். அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான், எடுத்த வேலையை முடிக்காமல் கொடுக்க மனசு வரவில்லை. ஆனால் இது கதவு இல்லை. ஒரு மில்லிமீட்டரில் பாதி கூடப் பிஸ்டல் நோக்கும் திசையை மாற்றும். மீதியை வீட்டில் உப்புத்தாளால் தேய்த்தேன். கொஞ்சம் தேய்ப்பது, பொருத்துவது, கண்ணை மூடிக் கையைத் தூக்குவது, திறந்து பார்ப்பது, கழற்றுவது, மறுபடி பொடி பூசுவது. 80 நம்பர் தாளில் தொடங்கி 120, கடைசியில் 220. முன் சைட் வலப்பக்கத்திலிருந்து மெல்ல மெல்ல நடுவுக்கு வருவதைப் பார்ப்பதில் இருக்கிற சந்தோஷத்தை எழுத்தில் சொல்ல முடியவில்லை.

இதன் பின்னணியைப் புரிந்துகொண்டால் உங்கள் கைக்கும் கணக்குப் போடலாம். வலக்கைக்காரர்களுக்கு, கிரிப்பின் வலப்பக்கப் பின்புறம் மேடானால் பிடியின் பின்பக்கம் இடப்புறம் தள்ளப்பட்டு, முனை வலப்பக்கம் திரும்பும். அங்கே குறைத்தால் முனை இடப்பக்கம் வரும். வலப்பக்கத்தில் முன்புறம், அதாவது விரல் முட்டிகள் ஆரம்பிக்கிற இடத்தில் மேடாக்கினால் விளைவு நேர்மாறு. இடக்கைக்காரர்களுக்கு எல்லாமே கண்ணாடிப் பிம்பம்.

குறைப்பது முடிந்த பிறகுதான் சேர்ப்பது. எனக்கு உள்ளங்கைக் குழிக்கு நேரே மரம் படவே இல்லை என்று சொன்னேன் அல்லவா, அந்த இடைவெளியை நிரப்ப வேண்டும். நிறைய இடத்தில் மெதுவாகப் பட்டால் நசுக்க வேண்டிய அவசியமே வராது. நேரே பட்டி வைத்துவிடாதீர்கள். குழந்தைகள் பொம்மை செய்கிற வண்ணக் களிமண், ஸ்டேஷனரி கடையில் கிடைப்பது, அதை முதலில் ஒட்டிப் பாருங்கள். சைட் சோதனை செய்து, பிடிக்கவில்லை என்றால் எடுத்துவிடலாம். களிமண்ணோடு சைட் நடுவில் நிற்கிறது, கையும் தளர்வாக இருக்கிறது என்றால் அதன் தடிமனை அளந்து வைத்துக்கொண்டு பட்டிக்குப் போங்கள்.

பட்டிக்கு நான் எடுத்தது வீட்டுக் குழாய் ஒழுகலுக்கு வைக்கிற எம்-சீல்தான். இரண்டு குச்சியையும் நிறம் ஒன்றாகும் வரை பிசைந்து, ஏற்கெனவே சொரசொரப்பாக்கிய மரத்தில் அழுத்தி ஒட்ட வேண்டும். பிசையும்போது கையுறை போடுங்கள், காயாத பட்டி சிலருக்குத் தோலில் அரிப்பைக் கொண்டுவரும். உலோகப் பாகத்தில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, பிஸ்டலின் பிடிச்சட்டத்தில் செலோ டேப் சுற்றிவிட்டு கிரிப்பை மாட்டினேன். பட்டியின் மேல் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள், அதில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய். பிறகு பிடிக்க வேண்டும்.

இந்தப் பிடிக்கிற கட்டம்தான் முக்கியம். மேஜையில் உட்கார்ந்து, மடியில் வைத்து அழுத்தினால் அந்த அச்சு எதற்கும் உதவாது. செருப்பை உட்கார்ந்தபடி போட்டுப் பார்த்து வாங்குவதைப் போன்றது அது. கை நீண்டு, தோள் உயர்ந்து, பிஸ்டலின் எடையை நடுவிரல் ட்ரிகர் கார்டுக்கு அடியில் தாங்கும்போது உள்ளங்கையின் வடிவமே வேறு. நின்று, கையைத் தூக்கி, அடங்கும் இடத்தில் நிறுத்தி, சாதாரணமாகச் சுடும்போது பிடிக்கிற அழுத்தத்தில் மட்டும் பிடியுங்கள். கூடுதலாக அழுத்தினால் அந்த அழுத்தம் அப்படியே பட்டியில் பதிந்துவிடும். அப்புறம் ஒவ்வொரு ஷாட்டிலும் அதே அளவு அழுத்தினால்தான் கிரிப் பொருந்தும். கை வலித்தால் இறக்கி, ஓய்வெடுத்து, திரும்பவும் அதே இடத்தில் பிடிக்கலாம், பட்டி உடனே இறுகிவிடாது. பிறகு ஒரு நாள் முழுக்கத் தொடாமல் விட்டுவிடுங்கள்.

காய்ந்த பட்டியைத் தேய்க்கும்போது முகக்கவசம் கட்டாயம். அந்தத் தூள் நுரையீரலுக்கு நல்லதில்லை, வால்நட் மரத்தூளும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. நான் மொட்டை மாடியில் சாயங்காலக் காற்றில் தேய்த்தேன். பிஸ்டல் கீழே பூட்டிய பெட்டியில் இருந்தது.

சென்னையில் சுடுகிறவர்களுக்கென்று ஒரு விஷயம் தனியாகச் சொல்ல வேண்டும். நம் ஊர் வெயிலில் கை வீங்கும். காலையில் ஏசி ஓடுகிற ஹாலில் கச்சிதமாகப் பிடித்த பாம் ஷெல்ஃப், மே மாத மத்தியானத்தில் ஃபேன் மட்டும் ஓடுகிற ரேஞ்சில் கையை இறுக்கிப் பிடிக்கும். நீண்ட நேரம் சுடும்போதும் அப்படித்தான். சுண்டுவிரல் மரத்துப்போகிறது, ட்ரிகர் விரலில் உணர்ச்சி குறைகிறது என்றால் பலகை மேலே ஏறியிருக்கிறது என்று அர்த்தம். அது கையைத் தாங்க வேண்டும், கவ்விப் பிடிக்கக் கூடாது. நான் சாயங்காலப் பயிற்சி முடிந்து, கை நன்றாகச் சூடேறிய பிறகுதான் அதை அமைத்தேன். ஏசி ஹாலில் போட்டி என்றால் கொஞ்சம் ஏற்றிக்கொள்ள மரத்தில் இரண்டாவதாக ஒரு பென்சில் கோடு இருக்கிறது.

வேர்வை இன்னொரு தொல்லை. வழுவழுவென்று வார்னிஷ் அடித்துவிட்டால் பார்க்க அழகு, ஆனால் கை வழுக்கும். வழுக்கினால் நசுக்குவோம், நசுக்கினால் நடுங்கும். இழைத்த மரத்தை அப்படியே பச்சையாக விட்டால் வேர்வையை உறிஞ்சிக்கொள்ளும், பிடிப்பும் நன்றாக இருக்கும், ஆனால் மழை மாதங்களில் ஈரம் ஏறி நார் எழும்பும். நான் நடுவழியில் போனேன். ஆளிவிதை எண்ணெயைத் துணியில் தொட்டு மிக மெல்லியதாக ஒரு பூச்சு, உடனே துடைத்து, நன்றாகக் காயவிட்டு, பிறகு கூர்முனை ஆணியால் நெருக்கமாகப் புள்ளி குத்தினேன். விரல் நுனிகளும் உள்ளங்கையும் படுகிற இடத்தில் மட்டும். பெருவிரல் வளைவு உட்காரும் இடத்தில் குத்த வேண்டாம், அங்கே தோல் உரியும். எண்ணெய்த் துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள், ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடேறித் துணி தானாகவே தீப்பிடிக்க வாய்ப்பிருக்கிறது. விரித்துக் காயப்போட்டுப் பிறகு போடுங்கள். சுட்டு முடித்ததும் கிரிப்புக்குப் பக்கத்தில் இருக்கிற உலோகத்தைத் துடைத்து வையுங்கள். வேர்வை உப்பும் கடல் காற்றும் சேர்ந்தால் துரு பிடிக்க நாள் பிடிக்காது.

போட்டிக்குப் போகிறவர்கள் விதிகளைத் தெரிந்துகொண்டுதான் மரத்தைத் தொட வேண்டும். சர்வதேச விதிப்படி பத்து மீட்டர் ஏர் பிஸ்டல் முழுதும், கிரிப்பையும் சேர்த்து, 420 மி.மீ. நீளம், 200 மி.மீ. உயரம், 50 மி.மீ. அகலம் உள்ள ஒரு பெட்டிக்குள் போக வேண்டும். எடை 1500 கிராமுக்கு மிகக் கூடாது, ட்ரிகர் குறைந்தது 500 கிராம் தாங்க வேண்டும். இதில் கிரிப்பைத் திருத்துகிறவர்களை மாட்டிவிடுவது அந்த 50 மி.மீ. அகலம்தான். உள்ளங்கைப் பக்கம் தாராளமாகப் பட்டி வைத்தால் பெட்டியில் இடித்து நிற்கும். ஒரு போட்டியில் எக்விப்மென்ட் கன்ட்ரோல் (உபகரணச் சோதனை) மேஜைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பையன் கண் கலங்கக் கலங்க உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அவன் நன்றாகச் சுடுகிறவன். அன்று முழுக்க அவன் மனசு கிரிப்பில்தான் இருந்தது. கெட்டி அட்டையில் அதே உள்ளளவில் ஒரு பெட்டியை வீட்டிலேயே செய்து வைத்துக்கொண்டால் அந்தக் கஷ்டம் இல்லை. என்னுடையது பழைய ஷூ பெட்டியை வெட்டிச் செய்தது.

அதோடு, கிரிப் கையைச் சுற்றி வளைக்கக் கூடாது. மணிக்கட்டுக்கு எந்த ஆதரவும் கொடுக்கக் கூடாது, மணிக்கட்டு வெளியே தெரிய வேண்டும். பாம் ஷெல்ஃப் கிரிப்போடு 90 டிகிரிக்குக் குறையாத கோணத்தில் இருக்க வேண்டும், கையைக் கவ்வுவதுபோல் மேல் நோக்கி வளையக் கூடாது. பெருவிரல் தடையில்லாமல் மேலே எழும்ப வேண்டும். பழைய ஐம்பது மீட்டர் பிஸ்டலில் கையையே மூடுகிற கிரிப்புக்கு அனுமதி இருந்தது. 2016 ரியோவோடு ஒலிம்பிக்கிலிருந்து அந்தப் போட்டி போய்விட்டது. அதன் படங்களைப் பார்த்துவிட்டு ஏர் பிஸ்டலுக்கும் அப்படிச் செய்யலாம் என்று நினைக்க வேண்டாம். பெருவிரலால் அழுத்துவது எப்படியும் நல்லதில்லை, அது சும்மா படுத்திருக்கத்தான் அங்கே இடம். ட்ரிகர் விரலும் கிரிப்பின் பக்கவாட்டில் எங்கும் உரசக் கூடாது. விரலுக்கும் மரத்துக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிற மாதிரி இடம் விட்டு இழையுங்கள். உரசினால் ட்ரிகரை அழுத்தும்போது பிஸ்டலும் சேர்ந்து நகரும்.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வாங்கிய பிறகு ரேஞ்சில் பெண் பிள்ளைகளைப் பார்க்க சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் அவர்களுக்குக் கிடைப்பது கிளப் பிஸ்டல். பெரியவர்கள் கைக்கான கிரிப். சமீபத்தில் ஒரு சின்னப் பெண் என்னிடம் வந்து, "அக்கா, எனக்கு கை வலிக்குது, கோச் சார் பழகிடும்னு சொல்றாரு" என்றாள். பழகுவது பயிற்சியால் வருகிற களைப்புக்குத்தான். பொருந்தாத பிடிக்குக் கை பழகினால் மணிக்கட்டின் திருகலும் சேர்ந்து பழகிவிடும், பிறகு நல்ல கிரிப் கிடைத்தாலும் கை பழைய மாதிரிதான் போகும். இதில் நான் எந்தக் கோச்சோடும் வாதாடத் தயார்.

கிளப் பிஸ்டலை அரத்தால் தொட முடியாது, பலர் சுடுவது. அதற்கு ஒரு வழி இருக்கிறது. கிளப்பில் இருக்கிற மாடலுக்குப் பொருந்தும் சின்ன சைஸ் கிரிப்பை மட்டும் தனியாக வாங்கி, அதைப் பிள்ளையின் கைக்குச் செதுக்கிக்கொள்வது. பயிற்சிக்குப் போகும்போது ஆலன் கீயும் கையுமாகப் போய், கிளப்பின் அனுமதியோடு மாட்டி, முடிந்ததும் கழற்றி எடுத்து வந்துவிடலாம். பிஸ்டல் விலையோடு பார்த்தால் சின்னச் செலவு. வாங்கும்போது ஸ்மால், மீடியம் என்கிற எழுத்தை மட்டும் நம்பாமல், விற்பவர்கள் கொடுக்கிற அளவுப் படத்தின்படி உள்ளங்கை அகலத்தையும், மணிக்கட்டு மடிப்பிலிருந்து நடுவிரல் நுனி வரையிலான நீளத்தையும் ஸ்கேலால் அளந்து அனுப்புங்கள். வளர்கிற பிள்ளைக்குப் பட்டி வைக்காதீர்கள், வருடத்துக்கு வருடம் கை மாறும். களிமண்ணும் துணி டேப்பும் போதும்.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 4.5 மி.மீ. ஏர் பிஸ்டல், முனை ஆற்றல் 20 ஜூலுக்கு உட்பட்டது என்றால் 2016 ஆயுத விதிகளின்படி லைசென்ஸ் தேவையில்லை. பத்து மீட்டர் பிஸ்டல்கள் அதற்கு மிகக் கீழேதான் இருக்கின்றன. .22 பிஸ்டல் அப்படியில்லை, அது முழுக்க லைசென்ஸுக்கு உட்பட்ட துப்பாக்கி. எதுவாக இருந்தாலும் நம் வேலை மரத்தோடு நிற்க வேண்டும். குழல், வால்வு, ட்ரிகரின் உள் பாகம் இவற்றையெல்லாம் கம்பெனி ஆட்களிடமோ துப்பாக்கி பழுதுபார்க்கப் பயிற்சி பெற்ற ஆர்மரரிடமோ விடுங்கள். கிரிப்பைக் கழற்றும்போது உள்ளே தெரிகிற எந்தத் திருகையும் ஆசைக்குக்கூடத் தொடாதீர்கள்.

இப்போது என் கிரிப் பார்க்க அழகாக இல்லை. வால்நட்டின் பழுப்புக்கு நடுவே சாம்பல் நிறப் பட்டித் திட்டு, புள்ளிகள், இரண்டு பென்சில் கோடு. கண்ணை மூடிக் கையைத் தூக்கித் திறந்தால் முன் சைட் பள்ளத்தின் நடுவில், இரண்டு பக்கமும் ஒரே அளவு வெளிச்சத்தோடு நிற்கிறது. பெருவிரல் அடி வலி போய்விட்டது. மோதிர விரல் புடைப்பு மட்டும் இன்னும் கொஞ்சம் உறுத்துகிறது. அதை இப்போது தேய்க்க மனசில்லை. ஐப்பசி மழையில் மரம் ஈரம் வாங்கி உப்பியிருக்கிறது. தை பிறந்து காற்று காய்ந்த பிறகு ஒரு தடவை நீலப்பொடி பூசிப் பார்ப்பேன், அப்போதும் அங்கே அழுத்தமாக ஒட்டினால் 220 தாளை எடுக்கலாம்.